55 பவுண்டும் ஏழு கிலோமீட்டரும்

மீன்பிடிப் படகை மெதுவாக நகர்த்த மாட்டும் சிறிய மின்சார டிரோலிங் மோட்டாரின் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது, அது தள்ளும் விசையின் பவுண்டுக் கணக்கு. வேகத்தைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இருக்காது. 30, 45, 55, 80, 112 என்று ஏறிக்கொண்டே போகும் அந்த எண்களைப் பார்த்தால், 30-ஐவிட 55 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகமாகப் போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். என்னுடையது பன்னிரண்டு அடி அலுமினியப் படகு, தட்டையான அடி. அதில் இரண்டையும் மாட்டிப் பார்த்திருக்கிறேன். காற்றில்லாத தண்ணீரில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட வரவில்லை. ஆள் ஏறினாலும் எதிர்க்காற்று அடித்தாலும் 55 சளைக்காமல் இழுக்கிறது, 30 திணறுகிறது; அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஆனால் அமைதியான தண்ணீரில் உச்ச வேகம் என்று வந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன.

அந்தப் பவுண்டு எப்படி அளக்கப்படுகிறது என்று பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. மோட்டாரை அசையாமல் கட்டிவைத்து, முழு வேகத்தில் ஓடவிட்டு, அது எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். 55 பவுண்டு என்றால் சுமார் 25 கிலோ விசை. அது நிற்கிற படகுக்கான எண். படகு நகர ஆரம்பித்ததும் விசை குறையத் தொடங்கிவிடும். வேண்டுமானால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட், 55 பவுண்டு மோட்டார் அதிகபட்சமாக இழுப்பது சுமார் 50 ஆம்பியர், அதாவது 600 வாட். ஒரு குதிரைத்திறன் என்பதே 746 வாட். மணிக்கு 7 கிலோமீட்டரில் போகும்போதும் அதே 25 கிலோ விசை வேண்டும் என்றால், தண்ணீருக்குள் மட்டும் ஏறக்குறைய 475 வாட் போய்ச் சேர வேண்டும். மோட்டாரில் சூடாகப் போவது, புரொப்பெல்லர் தண்ணீரைச் சும்மா கலக்கி வீணாக்குவது எல்லாம் போக, உள்ளே போன மின்சாரத்தில் பாதி உந்துதலாக மிஞ்சினாலே பெரிய விஷயம். ஆக, ஓடும் படகுக்கு அந்த 25 கிலோ கிடைக்க வழியே இல்லை.

இந்த மாதிரி மோட்டார்கள் ஒன்றும் புதிது இல்லை. குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் 1881-ல் சுமார் ஐந்து மீட்டர் படகு ஒன்றின் பின்னால் மின்மோட்டாரையும் புரொப்பெல்லரையும் மாட்டி, பாரிஸில் சேன் நதியில் ஓட்டினார். நீரோட்டத்துக்கு எதிராக மணிக்கு 3.6 கிலோமீட்டர், நீரோட்டத்தோடு 9 கிலோமீட்டர் என்பது அந்த ஓட்டத்தைப் பற்றிய பதிவு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6.3. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, வேகத்தைக் கூட்ட நான் மெனக்கெட ஆரம்பிப்பதற்கு முன், என் படகில் ஜிபிஎஸ் காட்டிக்கொண்டிருந்ததும் ஆறும் சொச்சமும்தான். சிரிப்புதான் வந்தது. பேட்டரி, காந்தம், எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. தண்ணீர் மட்டும் மாறவில்லை.

அந்தத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். படகு நகரும்போது முன்முனையில் ஓர் அலை எழும்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகிவிடும். முன்முனை ஒரு மேட்டில், பின்முனை அடுத்த மேட்டில், நடுவே பள்ளம் என்று படகு உட்கார்ந்துவிடுகிறது. இன்னும் வேகமாகப் போக வேண்டுமென்றால் பின்முனை பள்ளத்துக்குள் இறங்கும். படகு தானே எழுப்பிய அலையின் மேல் ஏற வேண்டியிருக்கும். 1870-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் டார்க்கீயில் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் ஒரு நீளமான தண்ணீர்த் தொட்டி கட்டி, மாதிரிப் படகுகளை இழுத்து இழுத்து அளந்து, இதற்கெல்லாம் ஒரு கணக்கு உண்டு என்று காட்டினார். நமக்குத் தேவையான சுருக்கம் இதுதான்: தண்ணீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 2.5 மீட்டர் ரப்பர் படகுக்கு 7.1. 3.5 மீட்டருக்கு 8.4. ஐந்து மீட்டருக்குப் பத்து.

இதைத் தாண்டவே முடியாது என்று இல்லை. ஆனால் தாண்டக் கேட்கும் விலை அதிகம். எல்லைக்கு ரொம்பக் கீழே இருக்கும்போதே தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. 6-லிருந்து 7 கிலோமீட்டருக்குப் போக 1.6 மடங்கு சக்தி வேண்டும். எல்லையை நெருங்கினால் இதைவிட மோசம், ஏனென்றால் அலைக்கும் தனியாகக் கப்பம் கட்ட வேண்டும். வேகப்படகுகள் தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போகிறதே, அப்படிப் போக நமக்குக் கிலோவாட் கணக்கில் வேண்டும். கையில் இருப்பது 0.6. அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடலாம்.

சரி, அப்படியானால் வேகத்தைக் கூட்ட வழியே கிடையாதா? உண்டு. என் படகின் எல்லை எட்டுக்கு மேல். நான் போய்க்கொண்டிருந்தது ஆறும் சொச்சமும். நடுவே இருக்கும் அந்த இரண்டு கிலோமீட்டரில் கொஞ்சத்தையாவது மீட்டெடுக்கலாம். பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன்னால், இருக்கிற மோட்டாரின் சக்தி எங்கெங்கே ஒழுகிக்கொண்டிருக்கிறது என்று தேடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தேட வேண்டுமானால் அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து 'இப்போ நல்லா போகுது' என்று சொல்வதை நான் நம்புவதில்லை; என் கண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த வேகமும் வேகமாகத்தான் தெரியும். ஃபோனில் இருக்கும் ஜிபிஎஸ் போதும். ஒரே கோட்டில் போய், அதே கோட்டில் திரும்பி வந்து, இரண்டின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். காற்றும் நீரோட்டமும் பெரும்பாலும் அதில் கழிந்துவிடும். கூடவே வோல்டேஜ் பார்க்க ஒரு மல்டிமீட்டரும், கம்பியைக் கவ்விப் பிடித்தே நேர்மின்னோட்டத்தை அளக்கத் தெரிந்த ஒரு கிளாம்ப் மீட்டரும் இருந்தால் வேலை சுலபம். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், சில மலிவு மீட்டர்கள் வீட்டு மின்சாரத்தை மட்டும்தான் அளக்கும்.

மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது இரண்டு இடத்தில் வோல்டேஜ் பாருங்கள்: பேட்டரியின் முனையில் ஒன்று, மோட்டாருக்குள் கம்பி நுழையும் இடத்தில் ஒன்று. என் படகில் பேட்டரியில் 11.8 இருந்தது, மோட்டாரில் 10.7. நடுவே ஒரு வோல்டுக்கு மேல் காணாமல் போயிருந்தது. இந்த வகை மோட்டாரின் சுற்று வேகம் அதற்குக் கிடைக்கும் வோல்டேஜை ஒட்டியே ஏறி இறங்கும், அதனால் இது சின்ன விஷயம் இல்லை. காரணம் பெரும்பாலும் மெல்லிய கம்பிதான். போக மூன்று மீட்டர், வர மூன்று மீட்டர் என்று ஆறு மீட்டர் செம்புக் கம்பி, குறுக்குப் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர் என்று வையுங்கள். 50 ஆம்பியர் ஓடும்போது அதில் மட்டும் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் விழும், 44 வாட் கம்பியைச் சூடாக்கப் போய்விடும். அதே நீளத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.33 வோல்டாகக் குறைந்துவிடும். மிச்சம் எல்லாம் இணைப்புகளில். கம்பி முனையில் பச்சை பூத்த உலோக லக், பல்லால் கடிக்கும் கிளிப், தளர்ந்த நட்டு, பழைய பிளக் என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும். முழு வேகத்தில் ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். சுடுகிற இடம்தான் திருடன். ஆனால் மெதுவாகத் தொடுங்கள். சில சமயம் நிஜமாகவே கை வெந்துவிடும் அளவுக்குச் சுடும். கம்பியை மாற்றும்போது பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு சர்க்யூட் பிரேக்கரும் போட்டுவிடுங்கள், 55 பவுண்டுக்கு 60 ஆம்பியர் வழக்கம். அது வேகத்துக்கு இல்லை, படகு எரியாமல் இருக்க.

அப்புறம் பேட்டரி. ஈய அமில பேட்டரியின் மேல் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது 20 மணிநேரத்துக்கு 5 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் கணக்கு. 50 ஆம்பியர் இழுத்தால் அது இரண்டு மணிநேரம் வராது. ஒரு மணியைக் கொஞ்சம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும், வோல்டேஜும் ஆரம்பத்திலிருந்தே சரிந்துகொண்டே வரும். கிளம்பும்போது இருந்த வேகம் திரும்பும்போது இருக்காது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இதில் வேறு ரகம். பாரம் ஏற்றினாலும் 13 வோல்டை ஒட்டியே நிற்கும், தீர்ந்துபோகும் நேரத்தில்தான் சடாரென்று விழும். எடையும் பாதிக்குக் குறைவு: 100 ஆம்பியர்-மணிக்கு ஈய அமிலம் 27 முதல் 30 கிலோ என்றால், இது பன்னிரண்டு கிலோ வாக்கில்தான் வரும். என் படகில் தடித்த கம்பியும் இந்தப் பேட்டரியும் சேர்ந்து மோட்டாரின் வாயில் 12.6 வோல்ட் கொடுத்தன. வேகம் 6.4-லிருந்து 7-ஐத் தொட்டது. படித்தவை, கேட்டவை, செய்து பார்த்தவை எல்லாவற்றிலும் ஒரே தாவலில் கிடைத்த அதிக லாபம் இதுதான். வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று உங்கள் மோட்டார் இழுக்கும் உச்ச ஆம்பியரைத் தாங்குமா? இல்லாவிட்டால் நடுத்தண்ணீரில் அதுவாகவே அணைந்துவிடும். அந்த வோல்டேஜை மோட்டார் ஏற்குமா என்று அதன் கையேட்டிலும் பார்த்துவிடுங்கள்.

'13-க்கே இவ்வளவு என்றால், 12 வோல்ட் மோட்டாருக்கு 24 கொடுத்தால் என்ன?' என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கொடுத்தால் கொஞ்ச நேரம் பறக்கும். புரொப்பெல்லரை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்ற எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதை இழுக்க முயன்று பிரஷ்ஷும் சுருளும் கருகும். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள மோட்டாராக இருந்தால் அதன் மின்சுற்றுப் பலகைதான் முதலில் போகும். செய்து காட்டியவர்களின் வீடியோக்கள் உண்டு, எல்லாமே சில நிமிட வீடியோக்கள்.

புரொப்பெல்லர்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான். மூன்று இறக்கை, இரண்டு இறக்கை என்ற பேச்சை விட முக்கியம் பிட்ச். ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்று அதன் சாய்வு சொல்கிறதோ, அதுதான் பிட்ச். உதாரணத்துக்கு 12 சென்டிமீட்டர் பிட்ச், நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் மணிக்கு 8.6 கிலோமீட்டர். படகு அந்த வேகத்தை நெருங்கும்போது புரொப்பெல்லருக்குத் தள்ளத் தண்ணீரே கிடைக்காது, உந்துதல் கரைந்துபோகும். சைக்கிளில் லேசான கியரில் காலைச் சுழற்றிக்கொண்டே இருப்பது போலத்தான். மேட்டில் சுகம், சமதரையில் கால்தான் சுற்றும், வண்டி வேகம் எடுக்காது. டிரோலிங் மோட்டார்கள் கனமான படகை மெதுவாக நகர்த்தவும், காற்றில் நிலைநிறுத்தவும் செய்யப்பட்டவை என்பதால் அவற்றுக்குப் பெரும்பாலும் இந்த லேசான கியர்தான். 30-ம் 55-ம் ஏன் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நிற்கின்றன என்பதற்கும், இரண்டு மோட்டார் மாட்டினாலும் ஏன் வேகம் இரண்டு மடங்காவதில்லை என்பதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. அடுத்தடுத்து எத்தனை மாட்டினாலும் எல்லாம் ஒரே இடத்தில்தான் தீர்ந்துபோகும்.

உங்கள் படகுக்கு அதிக பிட்ச் உதவுமா என்பதைக் கிளாம்ப் மீட்டரே சொல்லிவிடும். முழு வேகத்தில் படகு சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆம்பியரைப் பாருங்கள். 50 ஆம்பியர் மோட்டார் 35 மட்டுமே இழுக்கிறது என்றால், அதற்கு இன்னும் தெம்பு இருக்கிறது, கியர்தான் போதவில்லை. இலகுவான, ஒடுங்கிய படகுகளில் இப்படித்தான் இருக்கும். அங்கே கொஞ்சம் அதிக பிட்ச் உள்ள புரொப்பெல்லர் நிஜமாகவே வேகம் தரும். மாறாக 48, 50 என்று நிற்கிறது என்றால் மோட்டார் ஏற்கெனவே முட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே பிட்சைக் கூட்டினால் சூடுதான் கூடும், படகின் இழுவையைக் குறைப்பதுதான் வழி. சிலர் மாதிரி விமானங்களின் புரொப்பெல்லரை வெட்டி மாட்டுகிறார்கள். மெல்லிய, நேர்த்தியான இறக்கை என்பதால் வேலை செய்யும். ஆனால் கல்லில் பட்டால் உடையும், விரலில் பட்டால் விரல்தான் உடையும். செடிகொடி இல்லாத ஆழமான தண்ணீருக்கு மட்டும் சரி. எனக்கு நீர்ப்பாசி நிறைந்த ஓரங்களில்தான் வேலை, அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எந்தப் புரொப்பெல்லராக இருந்தாலும் அவ்வப்போது நட்டைக் கழற்றிப் பின்னால் பாருங்கள். தூண்டில் நரம்பு அங்கே சுற்றிக்கொண்டால் வெளியே தெரியாது. இழுவை கூடுவது ஒரு பக்கம், அது மெல்ல மெல்ல அச்சின் சீலை அறுத்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிடும். இறக்கை விளிம்பில் உள்ள வெட்டுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தலாம். பெரிய வேகம் வராது, அதிர்வு போகும்.

படகுக்கு வருவோம். இதில் செலவே இல்லாதது எடையை இடம் மாற்றுவது. கைப்பிடியைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஓட்டுபவர் பின்னால், பக்கத்திலேயே பேட்டரி, மோட்டாரும் அங்கேதான். பின்முனை தாழ்ந்து, முன்முனை வானத்தைப் பார்க்கும். தட்டையான பின்பலகை தண்ணீரில் அமிழ்ந்து, பின்னால் சுழலும் தண்ணீரை ஒரு மூட்டை போல இழுத்துக்கொண்டே வரும். தண்ணீரைத் தொடும் நீளமும் குறையும், அதனால் அந்த எல்லை வேகமும் கீழே இறங்கும். பேட்டரியை முன்னால் கொண்டுபோய், கைப்பிடிக்கு ஒரு நீட்டுக்குழாய் மாட்டி, நானும் நடுவுக்கு நகர்ந்து உட்கார்ந்தபோது பின்னால் கொந்தளித்துக்கொண்டிருந்த தண்ணீர் அடங்கியது. ஜிபிஎஸ்ஸில் அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியது. பேட்டரி முன்னால் போனால் கம்பி நீளும், நீளும்போது இன்னும் தடிப்பு வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்து நிற்கும் வேலை இது.

தேவையில்லாத சாமான், அடியில் தேங்கிய தண்ணீர், கனமான நங்கூரம் எல்லாம் சொல்லாமலே தெரிந்தவை. அடியில் படியும் பாசியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். தண்ணீரிலேயே கட்டிக்கிடக்கும் படகில் மெல்லிய வழவழப்பு படிந்தாலே உராய்வு கூடிவிடும், இந்த வேகங்களில் இழுவையில் உராய்வுக்கும் நல்ல பங்கு உண்டு. ரப்பர் படகு வைத்திருப்பவர்கள் காற்றை முழு அழுத்தத்துக்கு அடித்தாலே வித்தியாசம் பார்ப்பார்கள். தொளதொளத்த அடி வளைந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்.

மோட்டாரின் ஆழம் இன்னொன்று. புரொப்பெல்லர் மேலாக இருந்தால் மேற்பரப்பிலிருந்து காற்றை உறிஞ்சும். சத்தம் மாறும், நுரை வரும், தள்ளாது. ரொம்ப ஆழமாக இறக்கினால் தண்டின் நீளம் முழுக்கத் தண்ணீரை அறுத்துக்கொண்டு போக வேண்டும். இறக்கையின் மேல்முனை ஒரு சாண் ஆழத்தில் இருக்கும்படி வைத்து, நுரை வராத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள். தண்டு செங்குத்தாக நிற்கட்டும். சாய்ந்திருந்தால் உந்துதலில் ஒரு பங்கு படகைத் தூக்கவோ அமுக்கவோ போய்விடும்.

வேகக் கட்டுப்பாட்டைப் பற்றி ஒரு குழப்பம் உண்டு. ஐந்து முன், மூன்று பின் என்று படிப்படியாகப் போகும் பழைய வகை மோட்டார்கள் கீழ்ப்படிகளில் ஒரு மின்தடைச் சுருள் வழியாக மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும். மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுக்கும் துடிப்பு முறையில் கட்டுப்படுத்தும் புதிய வகை அப்படி வீணடிக்காது. ஆனால் கடைசிப் படியில் இரண்டும் பேட்டரியை நேராக மோட்டாரோடு சேர்த்துவிடுகின்றன. ஆகவே அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தனியாக வாங்கி மாட்டினால் தூரம் கூடும், உச்ச வேகம் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு என் படகு ஏழரைக்குப் பக்கத்தில் போகிறது. இதற்கு மேல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மோட்டார் யோசனை எதுவும் இல்லை, படகு யோசனைதான் இருக்கிறது. ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய துடுப்புப் படகான கேனோ ஒன்றில் 30 பவுண்டு மோட்டாரை மாட்டினால், அகலமான குட்டைப் படகில் 55 மாட்டியவரைக் கடந்து போய்விடலாம். நீளம் எல்லையை மேலே தள்ளுகிறது; ஒடுக்கம் அலையைச் சின்னதாக்குகிறது. ஒடுங்கிய இரண்டு உடல்களைச் சேர்த்துக் கட்டும் கட்டமரான்கள் அந்த அலைக் கணக்கிலிருந்தே பாதி தப்பித்துவிடுகின்றன. நின்றுகொண்டு தூண்டில் வீசும் வசதி கேனோவில் கிடையாது. அதனால்தான் நான் இன்னும் இந்தத் தட்டைப் படகிலேயே இருக்கிறேன்.

முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுத்தால் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு மணிநேரம் வரும், ஏறக்குறைய 15 கிலோமீட்டர். 20 ஆம்பியருக்குக் குறைத்தால் வேகம் ஐந்தரைக்கு இறங்கும், ஆனால் ஐந்து மணிநேரம் ஓடும், 27 கிலோமீட்டர் வரும். வேகத்துக்காக இத்தனை பாடுபட்டவன் பெரும்பாலும் ஓட்டுவது அந்த 20 ஆம்பியரில்தான். மேகம் கறுத்துக் காற்று எதிரே திரும்பினால் மட்டும் கைப்பிடியைக் கடைசிவரை திருப்புகிறேன்.